மாதம்மாளுக்கு லீவு இல்லை

கடத்தூரைத் தாண்டி, புளியமரங்களுக்கு நடுவே காவேரியை இறக்கிவிட்டு பஸ் ஓடியது. தப்பித்தால் போதும் என்று ஓடியதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. எதிரே முதியோர் இல்லம். அந்தக் காலத்து மாடி வீடு. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு எருமை மாதிரி படுத்துக் கிடந்தது. டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாடை வாசலுக்கே வந்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனது.

வேலைக்குச் சேர வந்தவளுக்கு மேனேஜர் கலைவாணன் பயிற்சி கொடுத்தார். அதாவது, செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டார். அதில் ஒரு நர்ஸ் நோயாளியைத் தூக்கக் குனிந்தாள். குனிந்தவள் குனிந்தபடியே நிற்க, வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"டவர் இல்லம்மா. மிச்சத்த நீயே பழகிக்க."

கூடம் நிறையக் கட்டில்கள். எழுந்து உட்காரத் தெம்புள்ளவர் ஒருவரும் இல்லை. பார்த்துக்கொள்ளக் காவேரி ஒருத்திதான். ஜன்னலோரக் கட்டிலில் ஜானகியம்மாள், தேர் மாதிரி உடம்பு. முதுகுத் தோல் சிவந்திருந்தது. அப்படியே கிடந்தால் படுக்கைப்புண் வந்துவிடும். அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். காவேரியின் அம்மா அந்தப் புண்ணில்தான் அழுகிச் செத்தாள். இன்னொரு உயிரை அப்படிப் போகவிடக் கூடாது என்று காவேரி தம் கட்டித் தள்ளினாள்.

தேர் நகரவில்லை.

"இன்னொரு ஆள் வேணுங்க சார். ஒருத்தியால முடியலைங்க."

"ஆளெல்லாம் இருக்குது."

"எங்கீங்க?"

"வேலை நடக்குதா, அத மட்டும் பாரு."

அவரைத் திட்டிக்கொண்டே குழாயடியில் முகம் கழுவப் போனாள். பின்னால் கூடத்தில் கட்டில் கிரீச்சிட்டது. கண்ணாடி வளையல் குலுங்கியது.

வந்து பார்த்தாள்.

ஜானகியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

முழங்கால்களுக்கு நடுவே பதமாக ஒரு தலையணை.

முதுகில் பவுடர் பூசிய கைத்தடம். அதில் சுண்டுவிரல் இல்லை.

"மாதம்மா," என்று கிசுகிசுத்தாள் ஜானகியம்மாள். "இங்க வேலை செஞ்சவ கண்ணு. இந்தக் கட்டிலோரந்தான் வுழுந்து செத்தா. செத்தும் லீவு குடுக்கல அந்தப் பாவி."

காவேரி ஆபீஸுக்கு ஓடினாள். கலைவாணன் பிரியாணியை முடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியுமே! சோறு கேக்கறதில்ல, லீவு கேக்கறதில்ல. அப்பறம் எதுக்கு இன்னொரு ஆளு?" ஏப்பம் விட்டு, ஆபீஸ் கட்டிலில் சாய்ந்தார்.

பயம் போன இடம் தெரியவில்லை. ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏற, காவேரி கூடத்துக்கு வந்து வெறுங்காற்றிடம் பேசினாள்.

"அக்கா, நீ புரட்டிக்கிட்டே இருந்தா இந்தாளு ஜென்மத்துக்கும் ஆள் போட மாட்டான். என்னையும் இங்கயே சாவடிச்சு உனக்குத் துணைக்கு அனுப்பிருவான். எதாச்சும் பண்ணேன்!"

ஃபேன் நின்றது.

பவுடர் வாசனை அவளைக் கடந்து நடந்தது.

ஆபீஸ் பக்கமாக.

அடுத்து எழுந்த அலறலில் தோப்புக் காக்கைகள் மொத்தமும் மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் பறந்திருக்கும். காவேரி போய்ப் பார்த்தாள். கலைவாணன் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துக் கிடந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

"புரட்டும்மா... என்னப் புரட்டு காவேரி..."

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"ஒருத்தியால முடியாதுங்க சார். ரெண்டு பேரு வேணுங்க."

அவர் காதோரம் வளையல் குலுங்கியது.

"போடறேன்! நாளைக்கே போடறேன்! பழக்கிக் குடுக்க நர்ஸையும் கூட்டியாறேன்!"

கட்டில் ஒரு குலுக்குக் குலுக்கி அவரைத் தரையில் தள்ளியது.

அந்த வாரமே பஸ்ஸிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள், கூடவே ஒரு நர்ஸ். ஜானகியம்மாளின் முதுகுச் சிவப்பு மறைந்தது. வளையல் சத்தமும் அடங்கியது. மாதம்மாளுக்கு ஒருவழியாக லீவு கிடைத்துவிட்டது என்று காவேரி நிம்மதியானாள்.

மாசக் கடைசியில் கலைவாணன் தலையைச் சொறிந்துகொண்டே கூடத்துக்கு வந்தார்.

"மூணு பேரு கொஞ்சம் அதிகமோன்னு..."

சொல்லி முடிக்கவில்லை. ஜானகியம்மாள் அவர் முதுகையே பார்த்துச் சிரித்தாள்.

அப்போதுதான் போட்ட கறுப்புச் சட்டை. முதுகில் பளிச்சென்று வெள்ளையாக ஒரு கைத்தடம்.

சுண்டுவிரல் மட்டும் இல்லை.