டெம்ப்சி முறை

அந்தப் பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது.

யசிந்தா விரலை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பாசி மணம். வெளியே மாசி மாதத்து மத்தியான வெயில். யாழ்ப்பாணக் காணிப் பதிவுக் கந்தோரின் ஓட்டுக் கூரைக்குக் கீழே பழைய பசையும் புழுதியும் மணத்தன. முன்பக்கங்களும் பின்பக்கங்களும் பொரித்த அப்பளம் போல மொறுமொறுத்தன. நடுவில், சண்டிலிப்பாய் டெம்ப்சி வளவு பதியப்பட்ட தாள் மட்டும், கிணற்றிலிருந்து இப்போதுதான் தூக்கிய துணி போலச் சில்லென்று கிடந்தது. மை ஒரு துளி கலையவில்லை.

"ஐயா, இதிலை ஆரோ தண்ணி ஊத்திப்போட்டினம்."

கிளாக்கர் சோமசேகரம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நாலு மாசமா அலுமாரிக்குள்ளை பூட்டிக் கிடந்த புத்தகம் நோனா. எலி சோடா குடிச்சிருக்கும்." தன் பகிடிக்குத் தானே சிரித்தபடி தாளைத் தொட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. லேஞ்சியை எடுத்து விரலைத் துடைத்தார். அவள் அடுத்த கேள்வி கேட்டு முடிக்கும் வரையும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஈரத்தைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்து மூன்றாவது வருடம். றெயில்வேயில் வேலை செய்த கணவன் எட்கர், இனி இந்த நாட்டில் பிழைப்பில்லை என்று முடிவுகட்டி, ஐரோப்பிய வம்சத்தாரை மட்டுமே எடுக்கும் ஆஸ்திரேலியாவுக்குத் தன் ஒல்லாந்த வழியைக் காட்டி அனுமதி எடுத்துவிட்டான். ஏழு வயது மகள் டொறீனுக்கும் அவன் பெயரிலேயே கிடைத்துவிட்டது. யசிந்தாவுக்குத்தான் இல்லை. அவளுடைய பூட்டன் அயர்லாந்துக்காரன் என்பதற்கு வீட்டில் இருந்த ஒரே சாட்சி அவளுடைய பச்சைக் கண்கள். கண்ணுக்கு முத்திரை குத்த முடியாதே! அப்பாவின் ஞானஸ்நானப் பதிவைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. கப்பல் பங்குனியில். கடதாசி கிடைக்காவிட்டால் கப்பலில் இரண்டு பேர். கரையில் அவள் ஒருத்தி.

ஆகவே கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். பட்டாளத்தை விட்டு விலகிய பற்றிக் டெம்ப்சி, அயர்லாந்து தேசத்தவன், சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் வாங்கியது அகப்பட்டது. உள்ளூர்ப் பெண்ணை மணந்தது அகப்பட்டது. அவன் மகன் ஜேம்ஸ் அகப்பட்டான். இருவருடைய மரணப் பதிவுகளும் அகப்பட்டன. காரணம் எழுதும் இடத்தில் இருவருக்கும் ஒரே சொல்.

தாகம்.

கிணறு வைத்திருந்த தோட்டக்காரன் தாகத்தால் சாவானா? யாரோ அரைத்தூக்கத்தில் எழுதியது என்று அவள் அப்போது நினைத்துக்கொண்டாள்.

ஈரத் தாளில் மிச்சக் கதை இருந்தது. ஜேம்ஸ் வளவைத் துண்டு துண்டாக விற்றிருக்கிறான். வீடு போயிற்று; தோட்டம் போயிற்று; மாமரம் கூடத் தனியாகப் போயிற்று. ஆனால் ஒவ்வொரு உறுதிப் பத்திரத்தின் முடிவிலும் ஒரே வாசகம்: கிணற்றில் எட்டிலொரு பங்கும் அதன் இறைப்பு முறையும் நீங்கலாக.

"அந்தப் பங்கு மட்டும் இன்னும் உங்கடை ஆக்களின்ரை பேரிலைதான் கிடக்கு" என்றார் சோமசேகரம். "ஜேம்சுக்குப் பிறகு பேர் இல்லை. மற்றப் பங்குக்காரர் உங்களைப் பேத்தியெண்டு ஒத்துக்கொண்டு, விதானையார் கையெழுத்து வைச்சால், அதுவும் நல்ல சாட்சிதான்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "புத்தகத்தை நீங்களே மூடுங்கோ நோனா" என்றார்.

*

சனிக்கிழமை டொறீனையும் கூட்டிக்கொண்டு மானிப்பாய் வரை பஸ்சில் போய், அங்கிருந்து வாடகைக் கார் பிடித்தாள். சண்டிலிப்பாயில் தோட்டங்கள் எல்லாம் புகையிலை. எங்கும் கிணற்றடித் துலாமரங்கள் ஏறி இறங்கும் கிறீச்சொலி. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிடுகிறவர்களின் கூப்பாடு. டெம்ப்சி வளவுக்குள் நுழைந்ததும் எல்லாம் நின்றது. கதவைச் சாத்தியது போல.

அங்கேயும் புகையிலைதான். ஆனால் இலைகள் வாடித் தொங்கின. நிலம் வெடித்திருந்தது. நடுவில் கிணறு. எட்டிப் பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில், விளிம்பு வரை தண்ணீர்.

"மாசியிலை இவ்வளவு தண்ணியா? ஏன் ஒருத்தரும் இறைக்கேல்லை?"

ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானை நமசிவாயம் சால்வையை ஒருதரம் உதறிப் போட்டுக்கொண்டார். "இந்தக் கிணத்துக்கு எட்டுப் பங்கு நோனா. எட்டு நாளுக்கொருக்கா ஒவ்வொருத்தருக்கும் முறை வரும். இண்டைக்கு இறைக்க ஒருத்தருக்கும் உரித்தில்லை."

"இண்டைக்கு ஆற்றை முறை?"

"உங்கடை."

பக்கத்தில் நின்ற தோட்டக்காரன் ஏரம்பு சிரிக்கப் பார்த்தான். "போன வருசம் தண்ணி இறைக்கிற மிஷின் வாங்கிக்கொண்டு வந்து பூட்டினனான் நோனா. ஏழு நாளும் குதிரை மாதிரி ஓடும். டெம்ப்சி முறையண்டு இருமவும் மாட்டாது; ஏழு நாள் பாய்ஞ்ச தண்ணியையும் நிலம் அண்டைக்கே குடிச்சுப்போடும்."

"உன்ரை மிஷின் உன்னை மாதிரித்தான், வேலைநாள் பார்த்துப் படுக்கும்" என்றாள் இரத்தினம்மா. கிணற்றில் இன்னொரு பங்கு அவளுடையது. புருஷன் செத்தபின் தோட்டத்தைத் தானே பார்க்கிறவள். மற்றப் பங்குக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. யசிந்தாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளை ஜேம்சின்ரை பேத்திதான். எனக்குச் சந்தேகமில்லை. எழுதிக் குடுத்து அனுப்புங்கோ விதானையார்."

"உப்பிடி எழுதேலாது. வாயாலை சொன்னால் போதாது." விதானையார் விடவில்லை. "முறையிலை ஒரு பட்டை தண்ணி இறைச்சுக் காட்டவேணும். பங்குக்காரர் பார்க்கவேணும். அதுதான் இந்த ஊர் வழமை."

"கடதாசிக்காக முறை எடுக்காதை பிள்ளை." இரத்தினம்மா கிட்ட வந்தாள். "உன்ரை பூட்டன் தன்ரை தேசத்திலை பட்டினி கண்டு ஓடி வந்த மனிசனாம். ஒருக்கால் வெறுங்கையோடை நிண்டவன் பிறகு பிடிச்சதை விடமாட்டான். இஞ்சை பஞ்சமும் வாந்திபேதியும் வந்த வருசம், தன்ரை முறையெண்டு துவக்கை நீட்டிக்கொண்டு கிணத்தடியிலை நிண்டவராம். கேட்டு வந்த சனத்துக்கு ஒரு சிரட்டை தண்ணி குடுக்கேல்லை. வாசல் படலையடியிலை வரிசையா இருந்து இருந்து செத்ததுகள். அந்த முறை இன்னும் முடியேல்லை."

யசிந்தாவுக்குக் கப்பல்தான் தெரிந்தது. அதன் மேல்தட்டில் நின்று கை காட்டும் டொறீன் தெரிந்தாள். கயிற்றைப் பிடித்தாள்.

துலாவை மிதிக்க ஆளில்லை. மேலே ஏறி முன்னும் பின்னும் நடந்தால்தான் அது தாழ்ந்து எழும். ஏரம்பு மாட்டேன் என்று தலையசைத்துவிட்டான். பரவாயில்லை, கையாலேயே இழுப்போம் என்று பனையோலைப் பட்டையைக் கீழே விட்டாள்.

துலா தானாகத் தாழ்ந்தது.

பிறகு தானாக எழுந்தது. மெதுவாக. பாரம் மாறும்போது மரம் முனகும் அந்த முனகலோடு. பாதம் வைத்தது போல ஒரு அழுத்தம். இன்னொரு அழுத்தம். இன்னொன்று. நிறைந்த பட்டை அவள் இழுக்காமலே விளிம்புக்கு வந்து நின்றது.

அடிமரத்தின் பாரம், என்று தனக்குச் சொன்னாள். அது அப்படித்தான் ஏறும்.

வாய்க்காலில் ஊற்றினாள். வெடித்த நிலம் அதை ஒரே மிடறில் குடித்தது. விழுங்கும் சத்தம் கேட்டது.

"சரி. பார்த்தம்." விதானையார் கிணற்றைப் பாராமல் சொன்னார். "உங்களுக்குப் பிறகு இந்த முறை ஆருக்கு? முறை எடுக்கிறவை கிணத்தடியிலையே பேர் சொல்லவேணும்."

கடதாசி எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அவள் யோசிக்கவேயில்லை.

"டொறீன். என்ரை மகள்."

ஏரம்பு தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கினான். செத்தவீட்டுக்குள் நுழைகிறவன் போல. இரத்தினம்மா தலையில் கை வைத்தாள்.

"ஏன் பிள்ளை சொன்னனீ?"

*

தந்தி பத்தாம் நாள் வந்தது. சான்றை ஏற்றுக்கொண்டார்கள். எட்கர் யசிந்தாவைத் தூக்கிச் சுற்றினான். "அயர்லாந்து மகாராணி!" என்றான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, எட்கரின் தோளுக்கு மேலால், குசினிக்குள் டொறீன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தாள்.

டொறீன் குடித்துக்கொண்டே இருந்தாள். சண்டிலிப்பாயிலிருந்து வந்த நாள் தொடங்கி. செம்பு வைத்து, பிறகு வாளியோடு வாய் வைத்து. உதடு மட்டும் காய்ந்து, வெடித்து, பொருக்குத் தட்டி. டொக்டர் தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அடுத்த டெம்ப்சி முறை வந்த அன்று காலை, பிள்ளையின் படுக்கை விரிப்பில் சேறு. இரண்டு பாதங்களிலும் காய்ந்த சேறு. புகையிலை மணம். உள்ளங்கால் தோல் உரிந்து சிவந்திருந்தது. நெடுந்தூரம் மரத்தில் நடந்தது போல.

"எங்கை போனனீங்கள், டார்லிங்?"

"நடந்தனான்."

"எங்கை?"

"அங்கையும் இஞ்சையும்." பிள்ளை செம்புக்குக் கை நீட்டினாள். "ஒராள் இறைக்கிறார். ஒராள் ஊத்துறார். மிதிக்கத்தான் ஆளில்லையாம்."

யசிந்தா எட்கருக்குச் சொல்லவில்லை. எதைச் சொல்வது? கப்பல் ஏறினால் சரி. கடல் தாண்டினால் சரி. அங்கே துலா இல்லை, முறை இல்லை, புகையிலை இல்லை. காலை றெயிலில் கொழும்பு. நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினாள். பயண நாள், டெம்ப்சி முறை நாள்.

முதல் நாளே போகலாம் என்று எட்கரிடம் கெஞ்சினாள். பதிவு செய்த இருக்கையை மாற்றமுடியாது, உனக்கென்ன விசரா என்றான்.

பயணத்துக்கு முந்தின இரவு டொறீனின் கையைத் தன் கையோடு சேர்த்து, சேலைத் தலைப்பால் முடிந்துகொண்டு படுத்தாள்.

*

கிறீச்.

கண் திறந்தது. விடியப்புறம். யன்னலில் பனி. கட்டிவைத்த பெட்டிகளின் தோல் மணம். எட்கரின் குறட்டை.

கிறீச்.

இந்தத் தெருவில் துலா எங்கே இருக்கிறது? வீட்டுக் கிணற்றில் கப்பிதான். அயலிலும் கப்பிதான்.

முடிச்சைத் தடவினாள். முடிச்சு இருந்தது. இறுக்கமாக இருந்தது. உள்ளே கை இல்லை. துணி நனைந்திருந்தது.

"எட்கர்!" உலுப்பினாள். குறட்டை மாறவில்லை. கன்னத்தில் அறைந்தாள். மாறவில்லை.

நடை. குசினி. பின்கதவு திறந்து கிடந்தது. பாசி மணம் முகத்தில் அடித்தது. காலடியில் நிலம் சதசதத்தது.

கிறீச்.

கிணற்றடியில் நெட்டையான ஒருவன். தொப்பி. தாடி. இழுத்துக்கொண்டிருந்தான். முகத்தில் உதடே இல்லை, பொருக்கு மட்டும். வாய்க்கால் இல்லாத முற்றத்தில் இன்னொருவன் குனிந்து நின்று பட்டையைச் சரித்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்தான். பச்சைக் கண்கள். அவளுடைய கண்கள்.

மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

பார்த்தாள்.

கிணற்றுக்கு மேலே, வெறும் காற்றில், கூரை உயரத்தில், டொறீன் நடந்துகொண்டிருந்தாள். கீழே மரமில்லை. கயிறில்லை. முன்னே போனாள்; காற்று முனகித் தாழ்ந்தது. பின்னே வந்தாள், எழுந்தது. இரவுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பாதங்களிலிருந்து சொட்டியது தண்ணீரல்ல.

"டொறீன்! இறங்கு! றெயிலுக்கு நேரமாச்சு! இறங்கு!"

பிள்ளை குனிந்து பார்த்தாள். நடை நிற்கவில்லை.

"இறங்கேலாது மம்மி. இன்னும் ஆக்கள் நிக்கினம்."

அப்போதுதான் யசிந்தா திரும்பினாள்.

முற்றத்தில் குந்தியிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக. எலும்பும் தோலுமாக. எல்லோருடைய வாயும் மேல்நோக்கித் திறந்திருந்தது. முதல் வாயில் தண்ணீர் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. நிறையவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு தாய், மடியில் ஒரு குழந்தை. குழந்தையின் வாயும் திறந்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் வரிசை முற்றத்தைத் தாண்டி, படலையைத் தாண்டி, தெருவில் இறங்கி, பனிக்குள், றெயில் ஸ்ரேசன் பக்கமாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை, ஒரு சத்தமும் இல்லாமல், தங்கள் முறைக்காகக் காத்திருந்தது.