பச்சைநாச்சியைத் தொட்ட கைகள்

தொடுதடமானி கடைசி வெண்கலத் தகட்டையும் படித்து முடித்தபோது செங்கமலத்துக்குச் சந்தோஷம் வரவில்லை, முதுகுதான் வலித்தது. லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் பன்னிரண்டு வருஷமாக இதே பிழைப்பு. வெண்கலத்தில் ஊறிய வியர்வையையும் எண்ணெயையும் வைத்து, எந்த வம்சத்துக் கை எந்தக் காலத்தில் தொட்டது என்று கருவி அடுக்கடுக்காகப் பிரித்துச் சொல்லிவிடும். கறுப்பின மக்கள் ஊர் ஊராகத் தெருவில் இறங்கிப் போராடி வாங்கிய மீட்புச் சட்டப்படி, பறிபோன பொருள் முதலில் தொட்ட கைகளின் வம்சத்துக்கே திரும்ப வேண்டும்; அதில் கருவி சொன்னால் சொன்னதுதான். நைஜீரியாவிலிருந்து வந்திருந்த ஓசாரோ, தன் முன்னோர் வார்த்த தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

சட்டம் இப்போது தமிழ்நாட்டுக்கும் போய்விட்டது. எந்த நாட்டு அளவீடானாலும் கடைசிக் கையெழுத்து செங்கமலத்துடையது. ஊரிலிருந்து அண்ணன் திரையில் வந்தார்.

"நம்ம ஊர்க் காலனிக்காரங்க மனு போட்டுட்டாங்கம்மா. நம்ம கோயில் பச்சைநாச்சி அவங்க சாமியாம். அளவெடுத்து உனக்கு அனுப்பியாச்சு. நம்ம ஆளுங்க தவிர வேற கை பட்டதில்லன்னு நாலு வரி எழுதிக் குடுத்துடு."

அளவீட்டைத் திறந்தாள். மேலே தொண்ணூறு வருஷம் அவள் குடும்பத்து ஆண்கள்: அண்ணன், அப்பா, தாத்தா, அவருக்கும் அப்பா. அதற்குக் கீழே முந்நூறு வருஷம் வேறு கைகள். பெண்கள், குழந்தைகள் கைகூட உண்டு. அவள் வீட்டு வாசலுக்குள் இன்றுவரை விடாத காலனி வம்சம்.

"அண்ணே, அது அவங்களுதுதான்."

"சரி, இருக்கட்டும். நாம வெச்சிருந்ததாலதானே பத்திரமா இருக்கு? அவங்க பேருக்கே எழுதிடுவோம். சிலை மட்டும் நம்ம கோயில்ல இருக்கட்டும். ஆடிக்கு வந்து வெளிய நின்னு கும்புட்டுக்கட்டும். அதை விட்டுட்டு அவங்க கையில தூக்கிக் குடுத்தேன்னா, இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத."

எத்தனை அருங்காட்சியக இயக்குநர்கள் இதையே இங்கிலீஷில் சொல்லியிருப்பார்கள்! அவர்கள்மேல் வந்த ஆத்திரம் இப்போது வரவில்லை. நல்ல யோசனைதானே என்றுகூட ஒரு கணம் மனசு சொன்னது. சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு. அந்த வீட்டில் இருக்கும் அம்மாவை இனி எங்கே பார்ப்பது என்று நினைத்தபடியே, சிலையைக் காலனிக்கே ஒப்படைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் இணைப்பைத் துண்டித்தார்.

பின்னால் வந்து நின்ற ஓசாரோ, திரையில் அளவீட்டோடு இருந்த அம்மன் படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"உங்க ஊர்ச் சாமியா? திரும்பக் கிடைச்சிடுச்சா?"

"உரியவங்களுக்குக் கிடைச்சிடும்."

"ரொம்ப சந்தோஷம். எந்த வெள்ளைக்காரன் தூக்கிட்டுப் போயிருந்தான்?"

செங்கமலம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எங்க தாத்தாவோட அப்பா," என்றாள்.