இணைமானியின் இரண்டாவது நாற்காலி

"பதினொரு விழுக்காடு. இணை இல்லை," என்றது இணைமானி, ரயில் தாமதத்தை அறிவிக்கிற குரலில்.

வாசுகிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த லாஷா மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்தான். ஜார்ஜியாவிலிருந்து கோவைக்குப் பம்பு கம்பெனி வேலைக்கு வந்தவன். ஆறு வருடமாக அவளோடு ஒரே வீட்டில் வாழ்கிறவன். வேலை விசா முடிகிறது; இணைச் சான்று கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் அவன் நாட்டை விட்டுப் போயாக வேண்டும்.

கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு இந்த நாற்காலி கிடையாது. மாலை மாற்றிய படம் போதும்; வீட்டுக்குள் தினமும் அடித்துக்கொண்டாலும் அரசுக்குக் கவலையில்லை. தாலி வேண்டாம் என்றவர்கள்தான் இங்கே உட்கார்ந்து, இருவர் மூச்சும் நாடியும் ஒன்றாக ஓடுகின்றன என்று நிரூபிக்க வேண்டும். வாசுகி ஒருமுறை கல்யாணம் செய்து, பட்டது போதும் என்று வெளியே வந்தவள். அதையெல்லாம் ஓர் இயந்திரத்திடம் சொல்ல முடியுமா?

"எனக்குக் கோவம் வந்தா இவருக்கு நிதானம் வருமுங்க சார்," என்றாள் பதிவாளர் குணசீலனிடம். "நாங்க குடும்பம் நடத்தறதே அப்படித்தான். ரெண்டு பேரும் ஒண்ணாக் கொதிச்சா வீடு என்னத்துக்குங்க ஆகும்?"

"அம்மா, மெஷின் தப்பே பண்ணாதுங்க. லஞ்சத்துக்கு இடமில்லாம, மனுசக் கை படாமப் பதிவாகுது. நாங்களே நினைச்சாலும் மாத்த முடியாது."

"வாசுகி, கொஞ்சம் பொறுங்க," என்றான் லாஷா. தமிழைக் கோவையில் கற்றவன். தெருநாயைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவான்.

"எத்தனை நாள் பொறுக்கறது? நான் யாரோட இருக்கறதுன்னு இந்தத் தகரடப்பா சொல்லுமா?"

குணசீலனுக்கு இது பழகிப்போன கதை. ஆட்சேபிப்பவர்களுக்கு அவர் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்.

"தம்பி, எந்திரிங்க. நீங்க பட்டையைக் கழட்டாதீங்கம்மா. யாரோ எவரோ உட்கார்ந்தா பூஜ்யந்தான் வரும். இப்பப் பாருங்க."

அவர் பட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டாவது நாற்காலியில் அமர்ந்தார். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தால் ஜனங்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். எண் பூஜ்யத்தில் நிற்கும். மறுபேச்சில்லாமல் எழுந்து போவார்கள். வாசுகி வாயைப் பொத்தவில்லை.

"உங்க நாடியை அளந்துதான் உங்க வீட்டுல சோறு போடறாங்களா?"

"மரியாதையாப் பேசுங்க!"

"மரியாதையா? ஆறு வருசம் காச்சல்ல, கஷ்டத்துல கூட இருந்த மனுசனை அந்நியன்னு சொல்றது மரியாதையா?"

"சட்டம்னா சட்டந்தான்!"

"வெட்கங்கெட்ட சட்டம்!"

இருவர் முகமும் சிவந்தது. இருவருக்கும் ஒரே வேகத்தில் மூச்சு வாங்கியது. இணைமானி இனிமையாக மணியடித்தது.

"தொண்ணூற்றாறு விழுக்காடு. இணை உறுதி. பதிவு முடிந்தது. முந்தைய துணைவிக்குத் தகவல் அனுப்பப்பட்டது."

குணசீலன் பட்டையைப் பிய்த்து எறிவதற்குள் அவர் கைபேசி அலறியது. "சுமதி… இல்லம்மா… நான் ஆபீசுலதான்… அந்தம்மா யாருன்னே தெரியாது… மெஷின் தப்பா…" மறுமுனை வைத்துவிட்டது.

அவர் 'ரத்து' என்பதைத் தொட்டார். திரை இரண்டு வழிகள் காட்டியது. முந்தைய துணைவியுடன் வந்து நாற்காலியில் அமர்ந்து இணையை நிரூபிக்கலாம். அல்லது இணைமானி பிழையானது என்று பதிவாளரே சான்றளிக்கலாம். அப்போது இன்றைய முடிவுகள் அனைத்தும் செல்லாதவையாகி, புது விசாரணை முடியும்வரை எவரையும் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது.

"வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க சார்," என்றாள் வாசுகி. "மெஷின்தான் தப்பே பண்ணாதே."

குணசீலன் காலி நாற்காலியைப் பார்த்தார். இருபது வருடத் தாம்பத்தியம் அவர் கண்முன்னே ஓடியிருக்க வேண்டும், நெற்றி வேர்த்துவிட்டது. அவசர அவசரமாக இரண்டாவது வழியைத் தொட்டார்.

"சாருக்குத் தண்ணி குடுங்க, வாசுகி," என்றான் லாஷா.

அவள் கொடுக்கவில்லை. லாஷா போக வேண்டியதில்லை என்று மகிழத்தான் நினைத்தாள், ஆத்திரம் விடவில்லை. தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் பொய் என்று தெரிந்த இயந்திரத்தைத்தானே இந்த மனிதர் இத்தனை நாளும் ஊரார் வீடுகளுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்!