மடக்கல், நீட்டல்

சிப்பிகாட் கிராமத்தில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பிசியோதெரபிஸ்ட் சுசீலா, தன் நோயாளி அழகையாவின் வாக்கரைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்தாள். அவர் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டியவர் அழகையா. படியில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முழங்கால் மரக்கட்டையாய் விறைத்துவிட்டது. செவ்வாய்தோறும் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது சுசீலாவின் வேலை. முதல் இரண்டு வாரம் போனாள். மடக்கல், நீட்டல், விலக்கல், நெருக்கல் என்று ஒவ்வோர் அசைவுக்கும் பெயர் சொல்லிக்கொடுத்தாள். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல ஒப்பித்தார். அப்புறம் தூரம், மழை, அலுப்பு. ஆறு வாரம் அவள் போகவே இல்லை. கிளினிக்கில் உட்கார்ந்தபடியே, முழங்கால் நன்றாக மடங்குகிறது என்று பதிவேட்டில் கோணங்களை எழுதிவைத்தாள்.

மடங்காத காலோடு அவர் குளியலறையில் விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. மனைவி வேலாயி சந்தையிலிருந்து திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

"செவ்வாக்கிழமையானா வாசலையே பாத்துக்கிட்டிருப்பாரு, மேடம்," என்றாள் வேலாயி. "உங்களுக்கு எத்தனை பேஷண்டோன்னு அவரே சமாதானமும் சொல்லிக்குவாரு. வாக்கர் உள் ரூம்ல இருக்கு. பிஜ்லி போயிடுச்சு, பாத்துப் போங்க."

பகல்தான். ஆனாலும் மின்சாரம் இல்லாமல் அறை இருண்டு கிடந்தது. இப்போதுதான் தேய்த்ததுபோல் தைல வாசனை அடித்தது. சுசீலா வாக்கரில் கை வைத்தாள்.

சர்ர்...

கட்டிலில் விரிப்பு உரசும் ஓசை.

"மடக்கல்," என்றது ஒரு குரல். மூச்சைவிடக் கொஞ்சம்தான் சத்தமாக.

விரிப்பில் குதிகால் அகலத்துக்கு ஒரு பள்ளம் மெல்ல மேலேறி வந்தது.

பாதி வழியில் நின்றது.

அங்கேயே நடுங்கியது. பல்லைக் கடித்து வலியைப் பொறுக்கும் மூச்சு கேட்டது.

ஓடியிருக்கலாம். அவள் கால்கள் வாசல் பக்கம் திரும்பவும் செய்தன. ஆனால் அந்த மூச்சு அவளைத் திட்டவில்லை. அவள் கைக்காகக் காத்திருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

குனிந்து, வெறும் காற்றுக்கு அடியில் உள்ளங்கையை நீட்டினாள்.

ஜில்லென்று ஒரு குதிகால் அதில் வந்து உட்கார்ந்தது.

அன்று முப்பது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. வாக்கரை எடுக்காமலே போனாள். அடுத்த செவ்வாயும் வந்தாள். அதற்கடுத்ததும். அவருடைய அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்பாள்.

"செத்தவரையும் மறக்காம வர்றீங்களே, மேடம். இந்த மனசு யாருக்கு வரும்?" வேலாயி கையைப் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் சுசீலா மெல்ல விடுவித்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவாள்.

நாற்பது. அறுபது. எண்பத்தைந்து.

ஒரு செவ்வாய் விரிப்பு அசையவில்லை. தைல வாசனையும் இல்லை. அரைமணி நேரம் காத்திருந்தாள். போய்விட்டார் என்று புரிந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

போன் அடித்தது. ஜங்லிகாட் வீட்டிலிருந்து கணவன் ஈஸ்வரன்.

"சுசீ, உன் பேஷண்டுன்னு ஒரு பெரியவர் வந்து உக்காந்திருக்காரு. மூணு மாடியும் தானாவே ஏறி வந்திருக்காரு." ஈஸ்வரன் குரலைத் தாழ்த்தினான். "இனிமே நீ அவ்வளவு தூரம் அலைய வேண்டாமாம். இங்கயே இருந்துக்கிறாராம்."