இரண்டு டப்பாப் பொங்கல்

மதிய மணி அடித்துவிட்டது. காவேரியின் மடியில் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள். எதில் எந்தப் பொங்கல்? அவளுக்கு ஒரே குழப்பம்.

நெசவுத் தறியில் புதுப் பாவு நூல் ஏற்றும் நாளில் அவர்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் படைப்பார்கள். போனமுறை அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தபோது, பக்கத்தில் உட்காரும் ஷாரோன், "வயிறு வலிக்குதுபா" என்று தள்ளி உட்கார்ந்துவிட்டாள். என்ன கோபமோ என்று காவேரி இரண்டு நாள் தவித்தாள். பிறகுதான் ஷாரோன் மெல்லச் சொன்னாள்: "வேற சாமிக்குப் படைச்சதை எங்க வீட்ல சாப்பிட மாட்டோம். சொன்னா நீ அழுவியோன்னு பயந்துட்டேன்."

காவேரி அசைவம் தொடாத கிருத்திகை அன்று, தன் டப்பாவிலும் முட்டை வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்திருப்பவள் அந்த ஷாரோன்.

அதனால் இன்று காலை காவேரி அம்மாவிடம் கேட்டாள்.

"படைக்கறதுக்கு முன்னாடி ஷாரோனுக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிடும்மா."

"சாமிக்கு முன்னாடியா? கன்னத்துல போட்டுக்கோ!"

"அப்போ வேற குண்டான்ல தனியா ஆக்கும்மா."

அம்மா முறைத்தாள். ஆனாலும் இன்னொரு குண்டானை அடுப்பில் ஏற்றினாள்.

இரண்டையும் ஒரே மாதிரி டப்பாவில் போட்டதுதான் வினை.

"எதையாவது குடு. அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றான் பின்பெஞ்சு தனுஷ்.

"எனக்கே தெரியலையே! அப்புறம் எப்படிக் குடுக்கறது?"

காவேரி ஷாரோனிடம் திரும்பினாள். "இதுல ஒண்ணு உனக்குன்னு தனியா ஆக்கினதுபா. எந்த டப்பான்னு மறந்துட்டேன். நீ சாப்பிடாதே." அவள் கண்கள் கலங்கின.

"எனக்குன்னு தனியாவா?" ஷாரோன் இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ ரெண்டும் எனக்குத்தான்!" தனுஷ் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

காவேரி துள்ளி எழுந்தாள். "இரு ஷாரோன்! உனக்கு ஆக்கின குண்டான்ல மீதி இருக்குது. சாயங்காலம் வீட்டுக்கு வர்றியா?"

சாயங்காலம் அம்மா அந்தக் குண்டானையே கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

ஷாரோன் கண்களை மூடிக் கைகூப்பி ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன பண்ணிக்கினு இருக்கே?" என்றாள் காவேரி.

"ஏசப்பாவுக்கு நன்றி சொன்னேன். சொல்லிட்டுத்தான் சாப்பிடுவோம்."

காவேரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா காவேரியைப் பார்த்தாள். இது இப்போது படைத்ததா, படைக்காததா?

ஷாரோனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "ஏய், இனிமே இதை நீ சாப்பிடலாமா?"

காவேரி தலையை மட்டும் ஆட்டினாள். அவள் வாய் நிறையப் பொங்கல்.