தட்டுக்குப் பதில்

குலசிங்கம் ஸ்பனரைத் தூக்கியதுதான், இன்னும் தட்டவில்லை. அதற்குள் குழாயில் பதில் வந்துவிட்டது. டொக், டொக், டொக்.

ஷெல்லடி தொடங்கிப் போனும் செத்த பிறகு, பிரதேச சபையின் தண்ணீர் வேலை இப்படித்தான் நடந்தது. தொட்டியடியில் குலசிங்கம் இரும்புக் குழாயை மூன்றுமுறை தட்டுவார். பள்ளிக்கூட முனைக்குச் சைக்கிளில் போன ஜமால்தீன் திருப்பித் தட்டுவான். பதில் வந்தால் குழாய் முழுசாக இருக்கிறது; வால்வைத் திறக்கலாம். வராவிட்டால் திறக்கக் கூடாது. தவிசாளர் கந்தளாய்க்கு ஓடிவிட்டார், செயலாளருக்குக் காய்ச்சலாம். சபை என்று மிஞ்சியது இவர்கள் இருவரும் கடைசித் தொட்டித் தண்ணீரும்தான். பம்புக்கு டீசலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அகதிச் சனம் நேற்றிலிருந்து தவித்த வாயோடு கிடந்தது. குலசிங்கத்தின் மனைவி கௌசிகாவும் அங்கேதான்.

"அவசரக்காரன்," என்று முணுமுணுத்துக்கொண்டே குலசிங்கம் வால்வுச் சக்கரத்தைத் திருகித் திறந்தார். தண்ணீர் இரைந்து போனது. பின்னேர வெயில் மங்கி, ஷெல் சத்தமும் ஓய்ந்து, காகம்கூடக் கத்தாத அந்த அமைதியில், வால்வு இடுக்கிலிருந்து குளோரின் மணத்தோடு வேறொரு மணமும் கசிந்தது. இறைச்சிக்கடைக் கழிவு மணம்.

கேற்றடியில் சைக்கிள் விழுந்த சத்தம். ஜமால்தீன்.

"அண்ணன், போக ஏலாமப் போச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில, பாலத்தடியில குழாய் ரெண்டாப் பிளந்து கிடக்கு."

"அப்ப நீ தட்டேல்லையா?"

"இல்ல. அங்க சனம் செத்துக் கிடக்கு, அண்ணன். முந்தாநாள்ல இருந்து. வாயில ஒரு சொட்டுத் தண்ணி விட ஆளில்லாமக் கிடக்குதுகள்."

டொக், டொக், டொக்.

இருவரும் குழாயைப் பார்த்தார்கள்.

குலசிங்கம் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்தார். ஜமால்தீனும் பிடித்தான். மூடுகிற பக்கம் திருகினார்கள். மூச்சைப் பிடித்துத் திருகினார்கள். சக்கரம் அசையவில்லை.

பிறகு அசைந்தது. மறுபக்கம். மெதுவாக. நாலு கைகளையும் இழுத்துக்கொண்டு, இன்னும் திறந்தது.

தொட்டி மட்டம் இறங்கியது. பாதி. கால்.

"யா அல்லாஹ்..."

தண்ணீரின் இரைச்சல் நின்றுவிட்டது. குழாய்க்குள் இப்போது வேறு சத்தம். மடக், மடக் என்று.

குடிக்கிற சத்தம். ஒரு தொண்டையல்ல.