ஆரோக்கியமானவளுக்கு ஒரு கத்தி

ட்ரிங்... ட்ரிங்...

சுவரில் போன் அலறியது.

ரௌஷான் பாய்ந்து எடுத்தாள். விறைத்த விரல்களில் ரிசீவர் நிற்க மறுத்தது.

"ஹலோ! காப்பாத்துங்க... யாராவது வாங்களேன்!"

"ரௌஷான்? சாம்பிள் எடுக்கப் போனவளைக் காணோமேன்னு பார்த்தேன். அங்கே என்னடி பண்றே?"

லாரிசா பாவ்லொவ்னா! மேல்மாடியில் மைக்ராஸ்கோப்போடு குடித்தனம் நடத்தும் டாக்டர். லேப் டெக்னீஷியனான ரௌஷானுக்குப் பதினோரு வருட சிநேகம்.

"டாக்டர்... என்னைக் குளிர் அறையில வச்சுப் பூட்டிட்டாங்க!"

"ஐயையோ! உள்பக்கம் ஒரு பிடி இருக்குமே?"

ரௌஷான் கதவைப் பார்த்தாள். நேற்று வரை பிடி இருந்தது. இன்று நாலு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன.

"கழட்டிட்டாங்க!"

கஜகஸ்தானின் அல்மாட்டியில் ஜூலை மாதம். வெளியே முப்பத்தாறு டிகிரி வெயில். உள்ளே மைனஸ் இருபது! அவள் உடம்பில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டு. காலில் கோடைச் செருப்பு.

மணி ஒன்று பத்து. சாப்பாட்டு வேளையில் இந்த அடித்தளத்துக்கு ஈ காக்கை வராது. மொபைல் வெளியே மேசையில் கிடந்தது. இந்த போனில் மேல்மாடியைத் தவிர வேறு எங்கும் பேச முடியாது.

"யாரு பூட்டினது?"

"டைரக்டர் யெர்மெக் சபிரோவிச்தான்! காலையில அவர்கிட்ட சொன்னேன், நம்ம டெஸ்ட் பொய், என்கிட்ட ஆதாரம் இருக்குன்னு. அவர் மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு, டாக்டர்."

டெஸ்ட் இதுதான். நோயே இல்லாத பெண்ணின் மார்பகத்திலிருந்து ஊசியால் கொஞ்சம் திசு எடுப்பார்கள். மரபணுவின் எழுத்துகள் அப்படியேதான் இருக்கும். எழுத்துகளின் மேல் ஒட்டியிருக்கும் ரசாயனக் குறிகள்... எந்த மரபணு விழித்திருக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று சொல்லும் குறிகள்... அவை மாறியிருக்கும். கட்டி முளைப்பதற்குப் பல வருடம் முன்பே!

அது வரைக்கும் ஆராய்ச்சி உண்மை.

ஆனால் குறி மாறியவளுக்கெல்லாம் புற்று வருமா? உலகத்தில் எந்த டாக்டருக்கும் தெரியாது. இந்த கிளினிக் மட்டும் அடித்துச் சொன்னது... 'நிச்சயம் வரும். இரண்டு மார்பகத்தையும் எடுத்துவிடுங்கள்!'

"மணி ரெண்டுக்கு தில்நாராவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்க, டாக்டர்! ஸ்கூல் டீச்சர்... இருபத்தொம்போது வயசு. மூணு மாசத்துல கல்யாணம். அவளுக்கு ஒரு நோயும் இல்ல!"

"பதறாதே."

"நீங்க சரியாத்தான் ரிப்போர்ட் எழுதியிருப்பீங்க. கையெழுத்துப் போடறப்ப அவர் மாத்தியிருக்கார்..."

"பாவி மனுஷன்! இரு, சாவிக்கு நான் ஏற்பாடு பண்றேன். அதுக்குள்ள அவர் ஆதாரத்தை அழிச்சிடுவார். சீக்கிரம் சொல்லு, அந்த ரெண்டு துண்டையும் எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?"

ரௌஷான் வாயைத் திறந்தாள்.

மூடினாள்.

ரெண்டு துண்டா?!

டைரக்டரிடம் அவள் 'ஆதாரம்' என்று மட்டும்தான் சொன்னாள். போன மாதம் ஒரே பெண்ணின் திசுவை இரண்டாக வெட்டி, இரண்டு பொய்ப் பெயர்களில் டெஸ்டுக்கு அனுப்பியிருந்தாள். ஒருத்தியின் தாய் புற்றில் செத்ததாக எழுதினாள். அவளுக்கு வந்த ரிப்போர்ட் 'நிச்சயம் வரும்'. இன்னொருத்தியின் குடும்பத்தில் யாருக்கும் நோயில்லை என்று எழுதினாள். அவளுக்கு 'சுத்தம்'!

இரண்டும் ஒரே பெண்ணுடையது என்று மரபணு மெஷின் தந்த காகிதத்தைப் படித்தவருக்குத்தான் தெரியும்.

படிப்பவர் மேல்மாடியில் இருக்கிறார்.

"ரௌஷான்? லைன்ல இருக்கியா கண்ணு?"

பதினோரு வருடம்!

"இருக்கேன்... பக்கத்து ரூம்ல, மூணாம் நம்பர் ஃப்ரீசர். மைனஸ் எண்பது. அடித்தட்டு, பின்பக்கம். நீலப் பெட்டி."

"நீலப் பெட்டி எத்தனை இருக்கு?"

"நாப்பது இருக்கும். ஒண்ணொண்ணா பாருங்க. கதவை மட்டும் நடுவுல மூடிடாதீங்க... காத்து இழுத்துப் பிடிச்சுக்கும், பத்து நிமிஷம் திறக்க வராது. திறந்தே வச்சுத் தேடுங்க."

"சமத்து!"

போன் செத்தது. சாவியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

ரௌஷான் குதித்தாள். கைகளை அக்குளில் செருகிக்கொண்டாள். கண்ணிமையில் பனி ஒட்டியது. மூச்சு முள்ளாய்க் குத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டிகள் உரசும் சத்தம்.

மைக்ராஸ்கோப் டாக்டருக்கு ஃப்ரீசரின் சுபாவம் தெரியாது. கதவு மூன்று நிமிடம் திறந்திருந்தால்...

ஒரு நிமிடம். இரண்டு... கால் மரத்துப்போய் மண்டியிட்டாள்.

ஊஊஊஊங்ங்ங்!

சைரன்!

ஸ்டீல் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக் கதவை மொத்தினாள். "கனாத் அண்ணா! கனாத் அண்ணா!"

வாயில் பாதி லக்மான் நூடுல்ஸோடு ஓடி வந்தார் காவலாளி கனாத். ஃப்ரீசர் முன்னால் நின்றாள் லாரிசா.

"என்ன டாக்டரம்மா இது?"

"ஃப்ரீசரை மூட மறந்துட்டேன். நீ போய்ச் சாப்பிடு."

"குளிர் அறையில யாரோ தட்டறாங்களே?"

"அது கம்ப்ரஸர் சத்தம்!"

"முப்பது வருஷமா கேக்கறேன், எந்தக் கம்ப்ரஸரும் என்னை அண்ணான்னு கூப்பிட்டதில்லையே!"

கனாத்தின் கடப்பாரை பூட்டில் விழுந்தது. கதவு பிளந்தது.

மணி ஒன்று நாற்பத்தொன்று.

கனாத்தின் கோட்டுக்குள் சுருண்ட ரௌஷானுக்கு உதடு அசையவே நேரம் பிடித்தது. "தில்நாரா..."

சைரன் செய்தி மொபைலில் வந்து, அதற்குள் ஓடி வந்திருந்தார் டைரக்டர். அங்கேயே தியேட்டருக்குப் பேசினார். "ஆபரேஷனை நிறுத்துங்க. நான் சொல்றேன்... நிறுத்துங்க!"

பிறகு ரௌஷான் பக்கம் திரும்பினார். "ஒரு ரிப்போர்ட்டைக்கூட நான் படிச்சதில்லைம்மா. டாக்டரை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். காலையில நீ சொன்னதும் எனக்கு உசிரே போச்சு. அப்பவே டாக்டர்கிட்ட விசாரிச்சேன், போலீஸுக்கும் பேசிட்டேன். ஆதாரத்தைப் பார்த்துட்டு ஆபரேஷனை நிறுத்தலாம்னு உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்."

லாரிசா சிரித்தாள். "ஆதாரம் எங்கே? ஃப்ரீசர் பூரா தேடிட்டேன், ஒண்ணும் இல்ல!"

"இருக்காது, டாக்டர். போன வாரமே தலைநகர் அஸ்தானா லேபுக்கு அனுப்பிட்டேன்."

"எவளோ ஒருத்தியோட திசு! அவளுக்கு நிஜமாவே வரப் போகுதோ என்னவோ!"

"எவளோ இல்ல." ரௌஷானின் பற்கள் தந்தியடித்தன. "நாலு வருஷம் முன்னாடி ஆராய்ச்சிக்காக நாம எல்லாரும் திசு கொடுத்தோமே... வரிசையில முதல் ஆளா நின்னது நீங்கதான். அதைத்தான் ரெண்டா வெட்டினேன்."

லாரிசாவின் கை தானாக மார்புக்குப் போனது.

டைரக்டர் முகத்தில் சலனமே இல்லை. "அப்ப உங்க ரிப்போர்ட்படி உங்களுக்கு நிச்சயம் வரும். இரண்டையும் உடனே எடுக்கணும். தியேட்டர் இப்ப காலி."

"பைத்தியமா உங்களுக்கு?!" லாரிசா வீறிட்டாள். "அது பொய் ரிப்போர்ட்! நானே எழுதினது! எனக்கு ஒண்ணும் வராது!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

கனாத் வாயிலிருந்த லக்மானை நிதானமாக விழுங்கினார்.

"நல்ல சேதிதான் டாக்டரம்மா... போலீஸ் மட்டும்தான் வரும்!"